கப்பல் பெரிதாகிறது, நமக்கு இடம் கூடுகிறதா?

அண்ணனுக்கும் அண்ணிக்கும் அடுத்த ஆண்டு கல்யாணமாகி 40 வருடம் நிறைகிறது. பிள்ளைகள் இருவரும் பணம் போட்டு, மத்தியதரைக் கடலில் பத்து நாள் சொகுசுக் கப்பல் பயணம் அனுப்புவதாக முடிவு செய்துவிட்டார்கள். எந்தக் கப்பல் என்று பார்த்துச் சொல்லும் வேலை மட்டும் என் தலையில் விழுந்தது. அண்ணி கொடைக்கானல் பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைக்காமல் ஏறமாட்டார். அண்ணனுக்கு வெனிஸ் பார்க்க வேண்டும், தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும், கூட்டம் ஆகாது. "பெருசா இருந்தா திருவிழா மாதிரி இருக்கும் தம்பி, சின்னதாப் பாரு" என்றார். அண்ணி உடனே, "சின்னதுன்னா ஆடும்" என்றார். என் ஆராய்ச்சி முழுக்க இந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில்தான் நடந்தது.

முதலில், இந்தத் தொழில் எங்கே இருந்து எங்கே வந்திருக்கிறது என்று பார்க்கலாம். 1988-ல் சீபோர்ன் நிறுவனத்தின் முதல் கப்பலான சீபோர்ன் பிரைடு வந்தபோது அது சுமார் 10,000 டன்; ஏறியவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். 1994-ல் சில்வர்சீ தொடங்கிய சில்வர் கிளவுட் 16,800 டன், 296 பேர். அந்தக் காலத்தில் சொகுசு என்றாலே சின்னக் கப்பல். இன்று அதே சில்வர்சீயின் சில்வர் நோவா (2023) 54,700 டன், 728 பேர். ரீஜென்ட் செவன் சீஸ் நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் (2016) 55,254 டன், 750 பேர். எம்எஸ்சி குழுமம் தொடங்கிய எக்ஸ்ப்ளோரா ஜர்னீஸின் முதல் கப்பல் எக்ஸ்ப்ளோரா 1 (2023) சுமார் 63,900 டன், 922 பேர். 2026 கடைசிக்குத் திட்டமிட்ட ரீஜென்டின் செவன் சீஸ் பிரெஸ்டீஜ் 77,000 டன்; ஆனால் ஆட்கள் ஏறக்குறைய 820 தான். டன் கணக்கு எக்ஸ்ப்ளோரரைவிடச் சுமார் 40 சதவீதம் கூடியிருக்கிறது, தலைக்கணக்கு பத்து சதவீதம்கூட ஆகவில்லை.

பெரிது என்று சொன்னாலும் இவற்றை ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் தி சீஸ் பக்கத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும். அது 2,48,663 டன்; அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கிலேயே 5,610 பேர். அண்ணன் சொன்ன திருவிழா அது. நாம் பேசுவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராத கப்பல்களை.

இந்த "டன்" எடை கிடையாது. கிராஸ் டன் என்பது கப்பலுக்குள் மூடப்பட்ட மொத்த இடத்தின் கொள்ளளவை வைத்துப் போடும் எண். இந்த அளவுக் கப்பல்களில் ஒரு டன் என்றால் சுமார் மூன்றேகால் கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் இடவிகிதம். விசாலம் என்ற வார்த்தைக்குப் பின்னால் நிறுவனங்கள் காட்டும் எண் இது. ஐகானுக்கு 44. சில்வர் கிளவுட் ஆரம்பித்தபோது 57 அளவில் இருந்தது. எக்ஸ்ப்ளோரா 1-க்கு 69, ரீஜென்ட் எக்ஸ்ப்ளோரருக்கு 74, சில்வர் நோவாவுக்கு 75, வரப்போகும் பிரெஸ்டீஜுக்கு 94 வாக்கில். ஹோட்டல் நிறுவனமான ரிட்ஸ்-கார்ல்டன் 2024-ல் இறக்கிய இல்மா இன்னும் மேலே போய் 104-ஐத் தொடுகிறது: 46,750 டன், 448 பேர். அவர்கள் அதைக் கப்பல் என்றே சொல்வதில்லை, யாட், அதாவது உல்லாசப் படகு என்கிறார்கள். 241 மீட்டர் நீள யாட்!

இதைப் பார்த்ததும், பெரிய எண் உள்ளதை எடுத்துக்கொண்டால் முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் கொஞ்சம் ஏமாந்தேன்.

அறைகளைப் பார்த்தபோது கணக்கு இடித்தது. எக்ஸ்ப்ளோரா 1-ல் இருக்கும் அடிப்படை அறையே பால்கனியோடு 35 சதுர மீட்டர், அதாவது சுமார் 377 சதுர அடி. சில்வர் நோவாவின் சாதாரண வராண்டா அறை பால்கனியோடு 357 சதுர அடி. ரீஜென்ட் எக்ஸ்ப்ளோரரில் வராண்டா சூட் 219 சதுர அடி அறையும் 88 சதுர அடி பால்கனியும் சேர்த்து 307 தான். இடவிகிதத்தில் 69 வாங்கிய கப்பல், 74 வாங்கிய கப்பலைவிட அறைக்கு 70 சதுர அடி கூடுதலாகத் தருகிறது. அப்படியானால் எக்ஸ்ப்ளோரரின் மிச்ச இடம் எங்கே போனது? ஒரு பகுதி மேல்தட்டில் இருக்கிறது. அங்கே ரீஜென்ட் சூட் என்று ஒன்று, பால்கனியோடு 4,443 சதுர அடி. நம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு கிரவுண்ட். பிரெஸ்டீஜில் இரண்டு மாடியாக 8,000 சதுர அடிக்கு மேல் ஒரு சூட் வருகிறது. அந்த இடமும் நாம் பார்க்கும் சராசரியில் சேர்ந்துவிடும். நாம் அதன் வாசலைக்கூட மிதிக்கப் போவதில்லை.

இன்னொரு பகுதி எந்தப் பயணிக்குமே இல்லை. சில்வர் நோவா திரவ இயற்கை எரிவாயுவில் ஓடுகிறது. மைனஸ் 162 டிகிரியில் வைத்திருக்க வேண்டிய எரிபொருள் அது. அதே ஆற்றலுக்கு டீசலைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம் கேட்கும். அதைச் சுற்றிக் குளிர் காக்கும் கனத்த தொட்டி வேறு. கப்பலுக்குள் மூடப்பட்ட இடம் என்பதால் அதுவும் கிராஸ் டன்னில் ஏறிவிடும். 2010 ஜூலைக்குப் பிறகு கட்டிய 120 மீட்டருக்கு மேற்பட்ட பயணிகள் கப்பல்களுக்கு இன்னொரு விதியும் உண்டு: ஓரிடத்தில் தீப்பிடித்தாலோ தண்ணீர் புகுந்தாலோ, கப்பல் தன் பலத்திலேயே துறைமுகம் திரும்ப வேண்டும். அதற்காக இயந்திர அறையையும் முக்கியமான ஏற்பாடுகளையும் இரண்டாகப் பிரித்து வைக்கிறார்கள். நல்ல விதி, எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார முடியாது.

கப்பல்கள் பெரிதாவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். மற்ற காரணம் வெளிப்படையானது. 200 பேருக்கும் ஒரு கேப்டன்தான், 800 பேருக்கும் ஒரு கேப்டன்தான். அப்புறம், வருகிறவர்கள் ஒரே சாப்பாட்டு அறையில் பத்து நாள் உட்காரத் தயாராக இல்லை. ஜப்பானிய உணவுக்கு ஒன்று, இத்தாலிய உணவுக்கு ஒன்று என்று ஆறு, எட்டு உணவகங்கள் எதிர்பார்க்கிறார்கள். அதற்கு இடம் வேண்டும். (சைவக்காரர்களுக்கு இதில் பெரிய லாபம் இல்லை என்பது என் எண்ணம். எட்டு உணவகத்திலும் அதே காளான் வந்து நிற்கலாம். முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்து, ஏறிய அன்றே தலைமைச் சமையல்காரரை ஒருமுறை பார்த்துவிட்டால், எந்தக் கப்பலிலும் வயிறு வாடாது.)

சரி, புதிய இடத்தை நன்றாகச் செலவு செய்தவர்கள் யார்? எனக்குப் பிடித்தது சில்வர் நோவாவின் வடிவமைப்பு. கப்பலின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும் என்ற வழக்கத்தை விட்டு, நீச்சல் குளத்தை நடுவிலிருந்து ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். வழக்கமான கப்பலில் குளத்தைச் சுற்றிப் படுத்திருப்பவர்கள் எதிரே படுத்திருக்கும் ஆளின் பாதத்தைத்தான் பார்ப்பார்கள். இங்கே கடலைப் பார்க்கலாம். இதற்கு ஒரு டன்கூடத் தேவைப்படவில்லை, யோசனைதான் தேவைப்பட்டது. எக்ஸ்ப்ளோரா வேறு வழியில் போகிறது: பல இடங்களில் குளங்களைப் பிரித்து வைத்து, 900 பேரை ஒரே இடத்தில் சேரவிடாமல் கலைத்துவிடுகிறது.

இப்போது அண்ணன் பக்கம். சின்னக் கப்பலின் பலம் அது போய்ச் சேரும் இடம். வெனிஸில் 2021 ஆகஸ்ட் முதல் ஒரு விதி: 25,000 கிராஸ் டன்னுக்கு மேலோ, 180 மீட்டர் நீளத்துக்கு மேலோ, தண்ணீருக்கு மேல் 35 மீட்டர் உயரத்துக்கு மேலோ இருந்தால் சான் மார்கோ சதுக்கத்துக்கு எதிரே உள்ள நீர்ப்பரப்புக்குள் வரக்கூடாது. மேலே நான் சொன்ன புதிய கப்பல் ஒன்றுகூட இதில் தேறாது. ரிட்ஸ்-கார்ல்டனின் சின்ன யாட்டான எவ்ரிமாவே 298 பேர்தான் ஏற்றும், ஆனால் 190 மீட்டர், அதுவும் வெளியே. பயணத் திட்டத்தில் "வெனிஸ்" என்று போட்டுவிட்டு அடைப்புக்குறிக்குள் ரவென்னா, த்ரியெஸ்தே, ஃபுசினா என்று இருந்தால், கப்பல் நிற்பது அந்த அடைப்புக்குறிக்குள் என்று புரிந்துகொள்ள வேண்டும். லண்டனில் டவர் பிரிட்ஜ் திறந்து வழிவிட, நகரத்தின் நடுவே போய் நிற்பதும், பாங்காக்கில் ஆற்றில் ஏறி நகரத்துக்குள்ளேயே இருக்கும் க்லோங் தோய் துறைமுகம் வரை போவதும் சின்னக் கப்பல்களுக்கே வாய்க்கும். பெரியவை தொலைவில் உள்ள லேம் சபாங் துறைமுகத்தில் நின்றுகொண்டு, பஸ் ஏற்றி நகரத்துக்கு அனுப்பும்.

கிரேக்கத் தீவான சாந்தோரினி போன்ற இடங்களில் கப்பல் கரையில் கட்டப்படாது. நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஆட்களைக் கரைக்கு விடுவார்கள். 300 பேர் இறங்குவதற்கும் 900 பேர் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் காலைக் காபி வேளையிலேயே தெரிந்துவிடும். கூட்டம் ஆகாதவர்கள் இடவிகிதத்தைப் பார்ப்பதைவிட மொத்தத் தலைகளை எண்ணுவது நல்லது. வின்ட்ஸ்டாரின் ஸ்டார் பிரைடை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சொன்ன சீபோர்ன் பிரைடு கப்பலேதான், கைமாறிப் பெயர் மாறியது. அதை நடுவில் அறுத்து, 25 மீட்டருக்குச் சற்று அதிகமான துண்டு ஒன்றைப் புகுத்தி ஒட்டியிருக்கிறார்கள். இப்போது சுமார் 13,000 டன், 312 பேர். வகுத்தால் 42 வருகிறது. ஐகானைவிடவும் குறைவு! ஆனால் ஐகானில் 5,600 பேர் மத்தியில் நிற்பதும் இங்கே 312 பேர் மத்தியில் நிற்பதும் ஒன்றா? மூன்றாம் நாள் எல்லார் முகமும் தெரிந்துவிடும். அதுவும் சிலருக்கு நரகம், அது வேறு விஷயம்.

வெனிஸ் கணக்கில் தேறுவது ஸ்டார் பிரைடு வகைதான். பழைய சின்னச் சொகுசுக் கப்பல்கள் சில வேறு வேலைக்கோ வேறு கைக்கோ போய்விட்டன. சில்வர் கிளவுட் சாகசப் பயணக் கப்பலாக மாறிவிட்டது. சீபோர்ன், வெனிஸ் அளவைக் கொஞ்சம் தாண்டிய தன் 32,000 டன் ஒடிசியை ஜப்பானின் மிட்சுய் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது.

ஆனால் அண்ணி சொன்னதும் சும்மா பயம் இல்லை. ஸ்டெபிலைசர் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் அடக்கும். மூக்கு ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு மருந்து நீளம்தான். 160 மீட்டர் கப்பல் ஒவ்வொரு அலைக்கும் தலையாட்டும் இடத்தில் 250 மீட்டர் கப்பல் இரண்டு அலைகளின் மேல் படுத்துக்கொண்டே போகும். கோடையில் மத்தியதரைக் கடல் பெரும்பாலும் சாதுதான் என்றாலும், கிரேக்கத்தை ஒட்டிய ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி காற்று எழும்பினால் உள்ளூர்ப் படகுகளே கரையில் காத்திருக்கும். அண்ணியை 160 மீட்டர் கப்பலில் ஏற்றும் தைரியம் எனக்கு இல்லை. அதனால் சின்னக் கப்பல் இங்கேயே விலகிவிட்டது.

அண்ணனிடம் இப்படிச் சொன்னேன்: வெனிஸ் கைவிட்டுப் போனால் அதைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கலாம். கப்பல் ஏறுவதற்கு முன் வெனிஸில் மூன்று இரவு தங்கிவிட்டு, அங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்தில் த்ரியெஸ்தே போய் ஏறலாம். பகலில் எட்டு மணி நேரம் நின்று போகும் கப்பல் காட்டுவதைவிட அதிகமாகவே வெனிஸைப் பார்க்கலாம். அண்ணியின் வயிறு நடுக்கடலில் புரண்டால் அதற்கு எந்த ரயிலும் கிடையாது. அவர் ஒத்துக்கொண்டார், முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

பெரிய கப்பலுக்குள்ளேயே தனிச் சொகுசுப் பகுதி வைத்திருக்கிறார்களே, எம்எஸ்சியின் யாட் கிளப், நார்வீஜியனின் ஹேவன் என்று. விலையும் குறைவு, ஆட்டமும் இருக்காதே என்று மூத்தவன் கேட்டான். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நல்ல பேரம். ஆனால் தனி உணவகம், தனிக் குளம் என்று எவ்வளவு பிரித்தாலும், கரையில் இறங்கியதும் சேர்ந்து நடக்கப் போவது அந்த ஐந்தாயிரம் பேரோடுதான். அண்ணனுக்கு ஒத்துவராது.

விலையை ஒப்பிடும்போது அட்டையில் போட்ட எண்ணை அப்படியே நம்பக்கூடாது. ரீஜென்ட் கரைச் சுற்றுலாக்களையும் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகிறது. அதனால் பார்த்தவுடன் மயக்கம் வரும். எக்ஸ்ப்ளோராவில் பானங்கள், டிப்ஸ், வைஃபை உள்ளே. கரைச் சுற்றுலா வெளியே. பத்துத் துறைமுகத்திலும் வழிகாட்டியோடு போகிறவர்களுக்கு முதல் வகை கட்டுப்படியாகும். அண்ணனைப்போல வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தானே நடக்கிறவர், ஏறாத பஸ்ஸுக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? ரீஜென்டை நான் அந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கினேன். இந்தியப் பாஸ்போர்ட்டுக்காரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கிரேக்கத்தில் ஏறி, நடுவில் துருக்கி போய், மறுபடி கிரேக்கம் வரும் பயணத்துக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) பலமுறை நுழையும் வகையாக இருந்தாக வேண்டும். ஒருமுறை நுழையும் விசாவோடு போனால் திரும்பும் துறைமுகத்தில் சிக்கல்.

மிஞ்சியது மூன்று: சில்வர் நோவா, எக்ஸ்ப்ளோரா 1, அப்புறம் பிள்ளைகள் பட்டியலிலேயே இல்லாத ஒன்று, கிரிஸ்டல் செரினிட்டி.

செரினிட்டி 2003-ல் பிரான்சின் சான் நசேரில் கட்டியது. 68,870 டன், 250 மீட்டர். அதன் உரிமையாளராக இருந்த ஜென்டிங் ஹாங்காங் குழுமம் 2022 ஜனவரியில் கடனில் கவிழ்ந்தபோது கிரிஸ்டல் நிறுவனமும் நின்றுபோனது. கப்பல்களை வாங்கியது ஏபர்குரோம்பி அண்ட் கென்ட் குழுமம். அதன் தலைவர் மான்ஃப்ரெடி லெஃபெவ்ர், சில்வர்சீயை நிறுவிய குடும்பத்துக்காரர். ஏறக்குறைய 1,070 பேர் பயணம் செய்த கப்பலில் அறைகளை உடைத்துச் சேர்த்து, 740 பேருக்குக் குறைத்து, 2023-ல் மறுபடி கடலில் விட்டார்கள். இடவிகிதம் 64-லிருந்து 93 ஆனது. ரீஜென்ட் 77,000 டன் புதுக் கப்பல் கட்டி எட்டும் எண்ணை, இவர்கள் சுவர் இடித்தே எட்டிவிட்டார்கள். உணவகங்களும் அரங்கமும் மாடிப்படிகளும் ஆயிரம் பேருக்கு மேல் என்று போட்ட அளவிலேயே நிற்கின்றன. எரிவாயுத் தொட்டியும் இல்லை. கிரிஸ்டல் அடுத்து 2028-க்கு ஆர்டர் கொடுத்திருக்கும் கப்பல் 61,800 டன், 690 பேர், செரினிட்டியைவிடச் சின்னது. எல்லாரும் மேலே போகும்போது இவர்கள் ஒரு படி கீழே இறங்குகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. வயது இருபதைத் தாண்டிய உடல். எல்லா அறைக்கும் பால்கனி கிடையாது, கேட்டு வாங்க வேண்டும். எக்ஸ்ப்ளோராவின் 377 சதுர அடிப் பளபளப்பு இதில் வராது. அறையிலேயே பாதி நாளைக் கழிக்கும் ஜோடி என்றால் நான் யோசிக்காமல் எக்ஸ்ப்ளோராவைச் சொல்வேன். கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்க விரும்புகிறவர்களுக்குச் சில்வர் நோவா. அண்ணன் அறையில் இருக்கப் போவதில்லை; அவருக்கு வேண்டியது நடக்க இடம். செரினிட்டியில் கப்பலை முழுதாகச் சுற்றிவரும் தேக்குப் பலகை நடைமேடை இருக்கிறது. பழைய பாணிக் கப்பல் என்பதால் வந்த லாபம் அது. புதிதாகக் கட்டுகிறவர்கள் பலர் அந்த ஓரத்தையும் அறைகளுக்கே கொடுத்துவிடுகிறார்கள்.

"பரிசுக்குப் போய்ப் பழைய கப்பலா சித்தப்பா?" என்று இளையவள் முகம் சுளித்தாள். அண்ணன் நடைமேடைப் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சுற்றுக்கு எத்தனை மீட்டர் என்று மட்டும் கேட்டார்.

இப்போது அறை எண் பார்க்கும் கட்டம். ஆட்டம் குறைய நீளவாக்கில் நடுவிலும் உயரத்தில் தாழ்ந்த தளத்திலும் எடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன். அண்ணி டெக் பிளானை, அதாவது கப்பலின் தளவாரி வரைபடத்தை, பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, சாப்பாட்டு மேசையில் விரித்து, பென்சிலால் ஒவ்வொரு அறைக்கும் மேலே என்ன இருக்கிறது என்று குறித்துக்கொண்டிருக்கிறார். நடன அரங்குக்குக் கீழே இருந்த இரண்டை அடித்துவிட்டார். மூன்றாவதற்கு மேலே சமையலறை வருகிறது. விடியற்காலையில் பாத்திரச் சத்தம் கேட்குமா என்று என்னிடம் கேட்டார். கேட்கலாம் என்றேன். அதையும் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்.